அப்பாதுரை மொட்டை போட்டுக்கொண்ட கதை

சந்திரகலா கதை எழுதுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. யாரிடமும் அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நிறுத்தினாள், அவ்வளவுதான். பகலில் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்திவிட்டு, சாயந்திரம் சின்னக்கடைத் தெரு வீட்டுக்கு வந்தபிறகு, ஏழு வருஷமாகச் செய்துவந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டாள். அதனால் யார் குடி முழுகிப் போயிற்று?

விட்டதற்குக் காரணம் ஒரு சோற்றுப் பருக்கை.

ஏழு வருஷத்தில் அவள் எழுதியதில் மூன்று கதைகள் வாரப் பத்திரிகைகளில் வந்திருந்தன. அந்தத் தெம்பில் ஒரு நாவல் எழுதினாள். முந்நூற்று இருபது தாள். உலை கொதிக்கிற நேரத்தில் நாலு வரி, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நேரத்தில் திருட்டுத்தனமாக எட்டு வரி என்று சேர்த்துச் சேர்த்து எழுதியது. மெட்ராஸில் ஒரு பதிப்பகத்துக்கு அதை அனுப்புவதற்கு முன்னால் நாற்பதாம் தாளையும் நாற்பத்தோராம் தாளையும் மூலையில் ஒரு பருக்கை வைத்து ஒட்டினாள். படித்தால் பிரியும். படிக்காவிட்டால் ஒட்டினபடியே இருக்கும்.

பதினாலு மாதம் கழித்து, ஆடி மாதத்தில் பார்சல் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். 'கருத்து நன்று. நடை இன்னும் மெருகேற வேண்டும்.' பருக்கை இருந்த இடத்தில் இருந்தது. படுபாவிகளா! நாற்பது தாள்கூடத் தாண்டாதவனுக்கு நடையைப் பற்றி என்ன தெரியும்? மெருகு என்ன, பித்தளைக் குடமா இது, புளி போட்டுத் தேய்க்க? அன்றைக்கு அவள் அழக்கூட இல்லை. ஒட்டினதைப் பிரிக்காமலே கட்டை ஒரு பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டாள். போதுமடா சாமி என்று இருந்தது.

அவள் புருஷன் அப்பாதுரை அன்றிலிருந்து ரொம்ப நல்லவனாகிவிட்டான். கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தா. அதுவரைக்கும் வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்து காபி கேட்கிறவன், இப்போது முல்லைப் பூ வாங்கி வந்தான். ஒருநாள் தானே கிணற்றில் நீர் இறைத்து ஊற்றினான். மனுஷன் நம் துக்கம் தெரிந்து ஆறுதல் செய்கிறான் என்று அவளும் நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் உருகித்தான் போனாள். அந்த உருகலை நினைத்துப் பின்னால் அவள் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மழை விட்டு, மலைக்கு மேலே மேகம் இன்னும் கலையாமல் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், தன் வீட்டு வாசலில் யாரோ ஒரு மொட்டை நிற்பதைப் பார்த்தாள். தலை முழுக்கச் சந்தனம். கையில் தேங்காய் மூடி, விபூதிப் பொட்டலம்.

"யாருங்க, இன்னா வேணும்?" என்று கேட்டபிறகுதான் அது அப்பாதுரை என்று தெரிந்தது.

அவளுக்குத் திக்கென்றது. சாதாரண முடியா அது? காதை மூடிக்கொண்டு, பின்னால் காலரைத் தொடுகிற முடி. அதற்கென்று சட்டைப் பையில் தனிச் சீப்பு. கண்ணாடிக்கு முன்னால் காலையில் அவன் நிற்கிற நேரத்தில் அவள் இட்லி வேகவைத்து இறக்கிவிடுவாள்.

"ஐயையோ, யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. நல்ல விசயந்தான். உள்ள வா, சொல்றேன்." அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "வேண்டுதல். நிறைவேத்திட்டு வந்துட்டேன்."

"எனக்குத் தெரியாம இன்னா வேண்டுதல்?"

அவன் விபூதியை எடுத்து அவள் நெற்றியில் வைத்தான். "கோச்சிக்காத. ஆனி மாசம் பிரதோஷத்தன்னிக்கு அண்ணாமலையார்கிட்ட வேண்டிக்கிட்டேன். நீ இந்தக் கதை எழுதறத விட்டு மூணு மாசம் ஆச்சுன்னா மொட்டை போட்டுக்கறேன்னு. நேத்தோட மூணு மாசம் ஆச்சு."

சந்திரகலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தோளில் மாட்டியிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

"எதுக்கு?"

"எதுக்கா? ஆபீசுல நான் படற பாடு உனக்குத் தெரியாது கலா. தூக்கத்துலகூட 'சரிங்க சார், சரிங்க சார்'னு பொலம்பற புருஷன்னு எழுதின பாரு, பத்திரிகையில அதப் படிச்சதுலேர்ந்து பக்கத்து சீட்டு மூர்த்தி தெனம் காலையில எனக்கு வணக்கம் சொல்றதில்ல, 'சரிங்க சார்'ங்கறான். டீ கொண்டாறவன் வரைக்கும் சிரிக்கறான்."

"அது எங்க செங்கம் பெரியப்பான்னு எத்தினி வாட்டி சத்தியம் பண்ணேன்!"

"ஊரு நம்பணுமில்ல? கதையில புருஷன் வந்தா அது நாந்தான்னு சொல்றான் ஒவ்வொருத்தனும். சரி, அதான் இப்போ சாமி கண்ணத் தொறந்துடுச்சே. ஆனியில வேண்டினேன், ஆடியில பார்சல் திரும்பி வந்துடுச்சு!"

இதைச் சொல்லும்போது அவன் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். மூன்று மாதமாக எங்கேயோ அடியில் கிடந்தது மொத்தமும் அவளுக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அப்போ என் நாவலத் திருப்பி அனுப்பினது சாமிதான். அப்படித்தானே?"

"பின்ன?"

"அந்த மெட்ராஸ்காரன்தான் பிரிச்சிப் பாக்காம அனுப்பினான்னா, உங்க சாமியும் ஒரு தாளக்கூடப் படிக்காமலேதான் அனுப்பிச்சாரா?"

அப்பாதுரை விபூதிப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டான்.

"நான் விட்டேன்! தெரியுதா? நானா மனசு ஒடைஞ்சி விட்டேன். உங்க தலமுடிக்காக விடல. நான் ஏழு வருஷம் எழுதினதுக்கு ஒருத்தன் நல்லாருக்குன்னு சொல்லல, விட்டுட்டு உக்காந்தா ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. வீட்டுல ஒருத்தருக்கு அது திருவிழாவா இருந்திருக்கு! பூ வாங்கியாந்தீங்களே, அது இதுக்குத்தானா?"

"மெதுவாப் பேசு, தெருவுல கேக்குது."

"கேக்கட்டும்! மொட்டையடிச்சது தெருவுக்குத் தெரியாதா?"

விறுவிறுவென்று உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். பரணிலிருந்து கட்டை இறக்கினபோது தூசியும் எலிப்புழுக்கையும் சேர்ந்து தலையில் கொட்டியது. கூடத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். அப்பாதுரை நிலைப்படியிலேயே நின்றான், தேங்காய் மூடியைக் கீழே வைக்கவும் தோன்றாமல்.

நாற்பதாம் தாள். பருக்கை காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் கீறினாள். பொறுமை போய் வெடுக்கென்று இழுத்ததில் மூலை கிழிந்தது. கிழியட்டும். நாற்பத்தோராம் தாளைப் படிக்க ஆரம்பித்தாள். அவள் எழுதியதுதான், ஆனால் ஒட்டி அனுப்பின நாளிலிருந்து அவளும் அதைப் பார்த்ததில்லை.

பாதித் தாள் படிப்பதற்குள் முகம் சுளித்தாள். என்ன இது? கதாநாயகி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சண்டை போட வேண்டிய இடத்தில் பெருமூச்சு விடுகிறாள். எவளடி இவள், வாயில் கொழுக்கட்டையா? இதையா நான் எழுதினேன்? அந்த மெட்ராஸ்காரன் மேல் வந்த கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம் தன் மேலேயே வந்தது. அதில் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்தக் கோபத்துக்குக் கையில் வேலை இருந்தது.

எழுந்து போய், கீழே விழுந்த பையிலிருந்து பேனாவை எடுத்து வந்தாள். பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனா. ஜன்னல் முழுவதையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். பெருமூச்சையும் அடித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். மூன்று மாதம் சும்மா இருந்த விரல் முதலில் தடுமாறியது. நாலாவது வரிக்கு மேல் அதுவும் சரியாகிவிட்டது.

"கலா," என்றான் அப்பாதுரை. "எழுதறியா? சாமி குத்தம் ஆயிடும். இப்பத்தான் மொட்டை போட்டுட்டு வந்திருக்கேன்."

"நீங்க கேட்டது மூணு மாசம். மூணு மாசம் குடுத்தாச்சு. உங்க சாமிக்கும் எனக்கும் பாக்கி ஒண்ணும் இல்ல."

"அப்போ என் முடி?"

"வளரும். அது வளர்றதுக்குள்ள இத முடிச்சிடுவேன்."

அவன் கொஞ்ச நேரம் தலையைத் தடவிக்கொண்டு நின்றான். காபி கேட்கலாமா என்று யோசித்தான் போலிருக்கிறது. அவள் எழுதுகிற வேகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. மெல்லப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒருவன் தன் வீட்டு வாசலிலேயே அந்நியனைப் போல நின்றான் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"ஐயோ! கலா, இது நானா?"

சந்திரகலா பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "இத்தினி வருஷமா நீங்க எதுலயும் வரல. இனிமே வருவீங்க."