கேப்டனை வெளியே எடுத்த நாள்

ராயகிரிக்காரி உமாராணி, அந்த வட்டாரத்திலிருந்து மாநில மகளிர் கால்பந்து அணிக்குப் போன முதல் பெண். அறுவடை முடிந்த வயலில் ஆண்பிள்ளைகளோடு வெறுங்காலில் ஆடிப் பழகியவள். முழங்கால் ஜவ்வு கிழிந்ததும் ஆட்டம் நின்றது. பிறகு பயிற்சியாளர் வகுப்பில் சேர்ந்து தேறினாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

பெண்கள் பள்ளிகள் கூப்பிட்டன. ஆண்கள் அணிக்குக் கூப்பிட்டவர் ஒருவர்தான்: புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த காந்திமதிநாதன். அவருடைய அணியில் லாரி டிரைவர்களும் லோடுமேன்களும் ஆடினார்கள். கேப்டன் அவர் தம்பி பேச்சிராஜ்.

"பயலுவ ஒங்க பேச்சக் கேப்பானுவளான்னு தெரியல. பாருங்க," என்றார்.

கேட்டார்கள், பேச்சிராஜைத் தவிர. ஓடச் சொன்னால் அவன் நடப்பான்.

ஆனி மாதம் தென்காசியில் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டம். சாரலில் மைதானம் சேறாகிக் கிடந்தது. பேச்சிராஜ் பந்தைப் பறிகொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்ற நேரத்தில் எதிரணி கோல் போட்டது. இடைவேளையில் உமாராணி அவனை உட்காரச் சொல்லிவிட்டு, இசக்கிமணி என்ற லோடுமேனை இறக்கினாள். பேச்சிராஜ் கேப்டன் பட்டையைக் கழற்றி எறிந்தான்.

காந்திமதிநாதன் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏம்மா, அவன் என் தம்பி. ஊரே பாக்குது."

"தெரியும் அண்ணாச்சி. அவரு ஓட மாட்டேங்காரே, நான் என்ன செய்ய?"

அவள் சேற்றில் கிடந்த பட்டையை எடுத்தாள். பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இசக்கிமணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தான். ஆனால் பெனால்டியில் தோற்றார்கள்.

திரும்பும் வழியில் சேற்றைக் கழுவ வேனைக் குற்றாலத்தில் நிறுத்தினார்கள். உமாராணி பெண்கள் பக்கம் போய் அருவிக்குத் தலைகொடுத்து நின்றாள். வேலை போய்விட்டது என்று தோன்றியது. பெனால்டிக்கு முதலில் வேறு ஆளை அனுப்பியிருக்கலாம் என்றும் தோன்றியது.

வேனருகே பேச்சிராஜ் குளிக்காமல் நின்றிருந்தான்.

"எல்லாரும் பாக்க வெளிய எடுத்துட்டீயளே மேடம். இசக்கிமணி என்னவிட நல்லா ஆடுதானா?"

"இல்ல. நீங்கதான் நல்லா ஆடுவீய. ஆனா பந்து போச்சுன்னா இசக்கிமணி அது பொறத்தால ஓடுதான்."

அவன் வேனில் ஏறிக்கொண்டான். பிறகு பயிற்சிக்கு வரவில்லை. காந்திமதிநாதன் அவளைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவள் தினமும் வந்தாள். ஒரு மாதம் கழித்து பேச்சிராஜ் பூட்ஸோடு வந்து வரிசையில் கடைசி ஆளாக நின்றான். அவனைத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினாள்.

மறு வருடம் அந்தக் கோப்பை வந்தது. புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய போஸ்டரில் காந்திமதிநாதன் பெரிதாகச் சிரித்தார். அடியில் சின்ன எழுத்தில் 'பயிற்சியாளர்: உமாராணி' என்றிருந்தது. பேருந்துக்குக் காத்திருந்தவள் அதை ஒருமுறை வாசித்துவிட்டு ராயகிரி வண்டியில் ஏறினாள்.