இரட்டையாகத் தெரிந்த யானை

பாலக்காட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த ஹரிநாராயணன் தன் பைனாகுலரை விற்க முடிவு செய்ததற்கு, அலமாரியில் இடம் வேண்டும் என்று மனைவி கௌரி சொன்னதுதான் காரணம். பரம்பிக்குளம் சரணாலயத்துக்குப் போவதற்காக வாங்கியது அது. போன முதல் நாளே காரிலிருந்து இறங்கும்போது மடியிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. அதன்பின் இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒரு மரம் இரண்டு மரமாகத் தெரியும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் சரியாகிவிடும்.

பழைய சாமான் விற்கும் ஆப்பில் நான்கு படம் போட்டு எழுதினான்: 'இரண்டே தடவை உபயோகித்தது. ஒரு பழுதும் இல்லை.'

பதினோரு பேர் கடைசி விலை என்னவென்று கேட்டுவிட்டுக் காணாமல் போனார்கள். பன்னிரண்டாவதாக வந்தவள் ராமலட்சுமி. போடிமெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசர். அவள் டைப் செய்வதில்லை, குரலைப் பதிந்து அனுப்புவாள்.

"சார், மூடுமஞ்சுல, பனிமூட்டத்துல, தெரியுமா சார்? கருப்புப் பாறைக்கு நடுவுல கருப்பா ஒண்ணு நின்னா பிரிச்சுக் காட்டுமா?"

மூன்று நாளில் இப்படி இருபது கேள்வி. ஏமாற்றுக்காரியோ என்றுகூட நினைத்தான். எரிச்சலில் எல்லாவற்றுக்கும் 'காட்டும்' என்று ஒரே பதிலை அனுப்பினான். அவள் விலையைக் குறைத்துக் குறைத்துப் பேசி, கடைசியில் பணம் அனுப்பினாள். அவனும் கூரியரில் போட்டான்.

ஒரு வாரம் கழித்துக் குரல் வந்தது. "சார், ஒத்த யானை ரெண்டு யானையாத் தெரியுது."

அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று எழுதினான். மறுநாள் அவன் பெயருக்குக் கீழே, ஆப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரி இருந்தது. 'இந்த ஆள் பொய் சொல்லி வித்தாரு.' ஆபீசில் யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போட்டுச் சிரித்தார்கள்.

"ஏன்னா, நீங்க எழுதினது பொய்யா?" என்று கௌரி கேட்டாள்.

"அவா கீழே போட்டுட்டு எம்மேல பழி சொல்றா" என்றான்.

அந்த வரியை எடுக்கச் சொல்லி ராமலட்சுமிக்குக் கோபமாக எழுதினான். அவள் சொன்னாள்: "ஒரு நாள் காலையில இங்கன வந்து ஒங்க கண்ணால பாருங்க சார். பழுது இல்லைன்னு எம்முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. நானே அழிச்சுப்புடுறேன்."

அந்த மாதமே மூணாறில் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம். ராமலட்சுமியிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஆறரைக்கே ஹரி போடிமெட்டுப் பாதையில் காரை நிறுத்தினான். ரப்பர் பூட்ஸும் இடுப்பில் சுற்றிய சாக்குப் படுதாவும் கழுத்தில் விசிலுமாக ஒரு பெண் எதிரே வந்தாள். பைனாகுலர் அவள் தோளில் தொங்கியது.

"சத்தம் போடாம வாங்க சார்."

அவள் பின்னாலேயே ஒரு பாறைமேல் ஏறினான். கீழே, பாதையோரத்தில் நாற்பது பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ராமலட்சுமி கை அசைக்கும்வரை அவர்கள் தேயிலைக்குள் கால் வைக்கமாட்டார்கள் என்று அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"போன வருசம் சுருளியம்மாள்னு ஒரு அக்கா, மஞ்சுல தெரியாம யானைக்குப் பக்கத்துலயே போயிட்டா. உசுரு தப்பிச்சிருச்சு, கால் போச்சு. அதுக்கப்புறந்தான் நாப்பது பேரும் சேந்து இதை வாங்குனோம்" என்றாள். பிறகு எதிர்ச்சரிவில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே கை காட்டினாள். "அந்தா நிக்குது."

அவனுக்குப் பாறைகள்தான் தெரிந்தன. மஞ்சு மெல்ல விலகியது. அந்தப் பாறைகளில் ஒன்று காதை அசைத்தது.

பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தான். முதுகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன.

"எத்தனை சார்?"

"ஆறு. இல்லை, எட்டு."

"எனக்கும் அப்பிடித்தான். வெறுங்கண்ணுக்கு நாலு. நடுவுல குட்டி இருக்கான்னு தெரியணும். குட்டி இருந்தா தாய் எங்கிட்டுத் திரும்பும்னு சொல்ல முடியாது."

அவன் கை தானாகவே பழக்கத்தைச் செய்தது. இடது கண்ணை மூடினான். படம் ஒன்றாகியது. தாயின் முன்கால்களுக்கு நடுவே சின்னதாக ஒரு தலை.

"குட்டி இருக்கு" என்று கிசுகிசுத்தான்.

பதில் வராததால் திரும்பினான். ராமலட்சுமி யானையைப் பார்க்கவில்லை, அவன் மூடியிருந்த கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் மூடிப் பாத்தேன் சார். ஒத்தக் கண்ணுல பாத்தா எது கிட்ட, எது தூரம்னு பிடிபடல" என்றாள். "ஆனா ஒங்களுக்கு இது முன்னமே தெரியும்."

அவன் பைனாகுலரை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "கீழே விழுந்தது. தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன்."

அவள் திட்டவில்லை. அதற்கு நேரமும் இல்லை. யானைகள் நடக்கத் தொடங்கியிருந்தன. அவள் உள்ளங்கையை உயர்த்தினாள். கீழே நாற்பது பெண்களும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

தேயிலை வரிசைகளுக்கு நடுவே அவை இறங்கி வந்தன. அவ்வளவு பெரிய உடம்புகள், ஒரு செடி முறியும் ஓசைகூட இல்லை. அவனுடைய காருக்கு நூறடி தள்ளிப் பாதையில் ஏறின. குட்டி தார்ச்சாலையைத் துதிக்கையால் தொட்டுப் பார்த்தது. தாய் நடுவில் நின்று பாறைப் பக்கம் தலையைத் திருப்பியது. தன்னை அது பார்க்கிறது என்று ஹரிக்கு உறுதியாகத் தோன்றியது. பயம்தான், ஆனால் ஓடத் தோன்றவில்லை. கை கூப்பியிருந்ததை அவன் பிறகுதான் கவனித்தான்.

ஏலக்காட்டுக்குள் அவை மறைந்தன. ராமலட்சுமி இருமுறை விசில் அடித்தாள். பெண்கள் எழுந்து, ஏதோ பஸ் கடந்து போனதுபோல, தேயிலைக்குள் இறங்கினார்கள். தினமும் இதைப் பார்த்துவிட்டுத்தான் இவர்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பது அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது.

"இதைக் கொடுங்கோ, சரி பண்ணிக் கொண்டு வரேன்" என்றான்.

அவள் பைனாகுலரின் வாரை விடவில்லை. "நாப்பது பேரு சாமான் சார். ஒங்கள நம்பிக் கொடுத்தேன்னு அவுககிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

நியாயமான கேள்வி. அவன் போனை எடுத்து முழுப் பணத்தையும் அங்கேயே திருப்பி அனுப்பினான். போனில் அதைப் பார்த்த பிறகே வாரை விட்டாள்.

கோயம்புத்தூரில் ஒரு கேமரா மெக்கானிக் அதைத் திறந்து, உள்ளே நகர்ந்திருந்த கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்தார். ஒரு மாதம் கழித்து ஹரி கௌரியையும் கூட்டிக்கொண்டு போனான். கௌரியிடம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தான். அவள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

ராமலட்சுமி ஆப்பில் எழுதியதை அழிக்கவில்லை. கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'பொறவு வந்து சரி பண்ணிக் கொடுத்தாரு.' இரண்டும் நடந்ததுதானே என்று ஹரியும் விட்டுவிட்டான்.

அன்றைக்கும் காலையில் அதே சரிவில் யானைகள் நின்றன. ராமலட்சுமி இரண்டு கண்ணாலும் பார்த்தாள். ஒரு தடவைதான் எண்ணினாள். பிறகு பைனாகுலரை கௌரியிடம் நீட்டினாள்.

கௌரி வெகுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"ஏன்னா," என்றாள் கடைசியில், குரல் எழும்பாமல், "அதுக்கு இமைமயிர் இருக்கு. எவ்வளவு நீளம்! மஞ்சு துளித்துளியா அதுல நிக்கறது."

அவன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.