ஒரே நேர்க்கோட்டில் மூன்று அம்புகள்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைய தவறு: பலகை தெரிகிற இடத்தில் தொண்டையைக் கனைத்துவிட்டேன். காரில் வாயே திறக்கக் கூடாது என்பது நானே வைத்த நிபந்தனை. அந்தக் கனைப்பு அண்ணியின் கவனத்தைக் கலைத்திருக்கலாம். அப்படியென்றால் சோதனை செல்லாது. செல்லாமல் போனால் தேவலை என்று மனம் ஆசைப்படுகிறது. அதனாலேயே அந்தச் சந்தேகத்தை நம்ப முடியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மேம்பாலம் பிரியும் இடத்துக்கான வழிகாட்டிப் பலகையை நான்தான் வரைந்தேன். அலுவலகத்தில் என் பெயரில் போகிற முதல் பலகை. மேல் வரி துறைமுகம். அதற்கு வலது தடத்தில் போய்ப் பாலத்தில் ஏற வேண்டும். அடுத்த வரி பேருந்து நிலையம், கடைசி வரி மருத்துவமனை. இரண்டுக்கும் ஏறாமல் இடதுபக்கக் கீழ்ச்சாலை. இடது காட்டுகிற இரண்டையும் சேர்த்து, மூன்று அம்புக்குறிகளையும் பெயர்களுக்கு வலது ஓரத்தில் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தினேன். மாலையில் போகிற வடிவமைப்பு வகுப்பில் கற்ற ஒழுங்கு. திரையில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. மேலாளர்கூட, "பரவால்லையே, சீப்பு வச்சு வாரின மாதிரி இருக்கு" என்றார். அதே படத்தை ஃப்ளெக்ஸில் அச்சடித்து இப்போதைக்குக் கட்டியிருக்கிறார்கள். நாளைக் காலை பட்டறையில் அலுமினியத் தகட்டில் வெட்டுகிறார்கள்.

புரிகிறதா என்று அலுவலகத்தில் எல்லோரையும் கேட்டிருந்தேன். புரிகிறது என்றார்கள். இன்று மத்தியானம் சாப்பிடும்போதுதான் உறைத்தது: நாங்கள் எல்லோரும் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருகிறோம். பலகையே இல்லாவிட்டாலும் எங்களுக்குப் புரியும்.

வழி தெரியாத ஒருவர் வேண்டும். வீட்டில் அப்படி இருப்பவர் அண்ணி மட்டும்தான். அண்ணனைக் கட்டிக்கொண்டு போன மாதம்தான் வேறு ஊரிலிருந்து வந்தார். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அவரைக் கிளப்பினேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணி. போர்டைப் பாத்து நீங்களே போங்க. நான் இங்க இல்லைன்னு நெனைச்சுக்கோங்க."

"இருந்தும் இல்லாத மாதிரி இருக்கத்தான் உங்கண்ணன் இருக்காரே. நீ வேறயா?"

பலகை வந்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்தார். நான் கனைத்தேன். அண்ணி வலது தடத்துக்கு மாறினார். கார் பாலத்தில் ஏறியது.

ஏறின கொஞ்ச தூரத்தில் முன்னால் ஒரு லாரி நின்றது. நாங்களும் நின்றோம். பின்னால் ஒரு பேருந்து வந்து ஒட்டி நின்றது. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். சுவருக்கு மேலே மருத்துவமனையின் மாடிகள் தெரிந்தன. ஒரு ஜன்னலில் யாரோ துண்டை உதறுவதுகூடத் தெரிந்தது.

"அதோ ஆஸ்பத்திரி! எங்க எறங்கணும்?"

"பாலம் முடியிற எடத்துல. துறைமுகத்துக்கிட்ட."

"நடுவுல?"

"வழியே இல்ல அண்ணி."

"எந்த மகராசன் வச்ச போர்டு இது? கையில மட்டும் கெடைச்சான்..."

"மகராசன் இல்ல. பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். "நீதான் இல்லைன்னு நெனைச்சுக்கச் சொன்னியே, அதான் வாய் விட்டுட்டேன்" என்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்பு எடது பக்கம்தானே காட்டுது?"

"அது எங்க காட்டுதுன்னு யாரு பாத்தா? ஆஸ்பத்திரின்னு படிச்சேன். அம்பு வலது கோடியில நின்னுச்சு. அந்தப் பக்கம் திருப்பிட்டேன். வண்டிய ஓட்டுவேனா, உன் போர்டை ரசிப்பேனா?"

அப்போது சுவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பைக் நுழைந்து வந்து நின்றது. பின்னால் ஒரு பெண், போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓட்டுகிறவரின் முதுகில் தலையைச் சாய்த்திருந்தார். ஓட்டியவர் எங்கள் ஜன்னலைத் தட்டினார்.

"ஆஸ்பத்திரிக்கு இதுல போலாம்ல?"

நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "இல்லைங்க. பாலம் முடியிற வரைக்கும் போயி, திரும்பிக் கீழ வரணும்."

"அம்பு இந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

"ஆமாங்க."

"காச்சல் அனலா கொதிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, லாரியின் ஓரமாக நுழையப் பார்த்தார். முடியவில்லை. எங்கள் முன்னாலேயே காலை ஊன்றி நின்றார். அவர் கனைப்பைக் கேட்டவர் அல்ல.

காரிலிருந்தே மேலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"நீ தெனம் அந்த ரோட்டுல வர்றியா இல்லையா?"

"வர்றேன் சார்."

"போர்டு புரியுதா?"

"எனக்குப் புரியுது சார்."

"எனக்கும் புரியுது. அப்புறம் என்னம்மா?"

"வழி தெரிஞ்சவங்களுக்குத்தான் சார் புரியுது."

"கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு. இப்ப நிறுத்தணும்னா, உன் படம் தப்புன்னு நீயே வந்து எல்லார் முன்னாடியும் சொல்லணும். உன்னை வேலையில வச்சுக்கிறதா வேண்டாமான்னு மாசக் கடைசியில எழுதப்போறவனும் நான்தான். நல்லா யோசிச்சுக்க."

"என்ன சொல்றாரு?" என்றார் அண்ணி.

"யோசிக்கச் சொல்றாரு."

"யோசி, யோசி. இப்போதைக்கு எங்கயும் போகப்போறதில்ல" என்று எஞ்சினை அணைத்தார்.

யோசித்தேன். பேசாமல் இருந்தால் வேலை இருக்கும். தினமும் அந்தப் பலகையின் கீழேதான் வேலைக்குப் போவேன். அது என்னை மட்டும் ஒருநாளும் ஏமாற்றாது. பைக்கின் பின்னால் இருந்தவர் ஒரு தடவை தலையைத் தூக்கி மருத்துவமனையைப் பார்த்தார். பிறகு மறுபடி சாய்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து வேறு படம் போட்டேன். இடது அம்புகள் இரண்டும் இப்போது பெயர்களுக்கு இடது பக்கம். வரிசை போய்விட்டது, திரையில் கோணல்மாணலாகத் தெரிகிறது. இது சரிதானா என்று எனக்கு நிச்சயமில்லை. அண்ணியிடம் காட்டினேன். "இப்பத்தான் எனக்கு வழி தெரிஞ்சுபோச்சே, என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்?" என்றார்.

நாளை: பட்டறை திறக்கும் முன் வாசலில் நிற்க வேண்டும். தகடு வெட்டுபவரிடம் இந்தப் பலகையை வெட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிறகு அலுவலகம் போய், என் படம் தவறு என்று எல்லோர் முன்னாலும் மேலாளரிடம் சொல்ல வேண்டும். வழி தெரியாத யாரிடமாவது காட்டிப் பார்க்க, புதுப் படத்தில் ஒரு பிரதி கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.