பென்சில் எழுத்து

திருவண்ணாமலை தேரடி வீதியிலிருந்த பழைய புத்தகக் கடையின் மேசைமேல் பரசுராமன் அந்த ஆர்மோனியப் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது அதை மடியிலேயே வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் அவர் மகள் எழிலரசி தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். "நூறு வருஷத்துப் புத்தகம்பா, இதோட மதிப்பு யாருக்கும் தெரியல" என்பாள். போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் சொன்னது நிஜம்தான் என்று விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. விற்கும் எண்ணமில்லை. அதைக் கடைக்காரர் சைஃபுல்லாவிடம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

"எந்த வருஷத்துதுனு பாத்து சொல்லுங்க பாய். என்ன மதிப்பு வரும்?"

சைஃபுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வருஷம் எங்கும் அச்சாகியிருக்கவில்லை. தாளைத் தடவிப் பார்த்தார். பின்னட்டைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"வெலைய நயா பைசாவுல போட்டிருக்கான் பாருங்க. அது ஐம்பத்தேழுலதான் வந்துச்சு, ஏழெட்டு வருஷம் இருந்துச்சு. அதுக்குள்ள அடிச்சது. நூறு வருஷம்லாம் இல்லண்ணே. இது அடிக்கடி வர்ற புத்தகம்."

பரசுராமன் தலையாட்டினார். இது தெரியாமலே போனாளே, அதுவரை நல்லது என்று நினைத்துக்கொண்டார். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை.

சைஃபுல்லா புத்தகத்தைப் பிரித்தார். பரசுராமன் தினமும் பிரித்துப் பிரித்துப் பார்த்த பக்கத்தில் அது தானாக விரிந்தது. ஸ்வரங்களுக்குக் கீழே எழிலரசி விரல் எண்கள் குறித்திருந்தாள். ஓரத்தில் 'இது அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தாள்.

"பென்சில்ல வேற கிறுக்கி வெச்சிருக்காங்க. இருந்தா கம்மிதான். அழிச்சுட்டா கொஞ்சம் ஜாஸ்தி கேக்கலாம்." சொல்லிக்கொண்டே சைஃபுல்லா டிராயரிலிருந்து ரப்பரை எடுத்து ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

பரசுராமன் வாயைத் திறந்தார். விற்க வரவில்லை என்று எப்படிச் சொல்வது என யோசிப்பதற்குள் ரப்பர் எழுத்தைத் தொட்டுவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதலில் 'இது' போயிற்று. பிறகு மற்றது.

"பாருங்க, தெரியவே இல்ல."

"எம்பொண்ணு எழுதினதுங்க அது. இப்ப அவ இல்ல."

அடுத்து விரல் எண்களுக்குப் போன சைஃபுல்லாவின் கை அப்படியே நின்றது. "சொல்லியிருக்கக் கூடாதாண்ணே" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

பரசுராமன் பக்கத்தை வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். தடம்கூட இல்லை. அழுத்தி எழுதுகிறவள் இல்லை எழிலரசி.

ஃபேன் காற்றில் ரப்பர் துகள்கள் மேசைமேல் நகரத் தொடங்கின. பரசுராமன் அவற்றின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். சைஃபுல்லா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். அது சுற்றி ஓய வெகுநேரம் ஆனது.