பங்கஜம் வீட்டுக் கடிகாரம்

கூடியிருந்தவர்கள்: வீட்டுக்காரி பங்கஜம், ரயில்வேயில் ஓய்வு பெற்ற விஜயராகவன், கல்லூரியில் பாடம் எடுக்கும் அஃப்ரா, சிந்தாதிரிப்பேட்டை ஸ்வர்ணலதா. நாலே பேர். மந்தைவெளியில் மூன்றாவது மாடி, ஞாயிற்றுக்கிழமை மதியம். இந்த மாதப் பேச்சு, காலத்தையும் கடிகாரத்தையும் பற்றி அவரவர் படித்த புத்தகங்கள்.

உள்ளே வந்ததும் செல்போனை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவிட வேண்டும் என்பது பங்கஜத்தின் சட்டம். ஸ்வர்ணலதாவிடம் போட ஒன்றும் இல்லை. போன், வாட்ச் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கைப்பையில் ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு கறுப்புப் பேனா. அன்று மதியம் மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அரசு வேலைக்கான தேர்வு. ஒன்றரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் வயதுக்கு இதுதான் கடைசித் தடவை. இரவு ஷிஃப்ட் வேலையை நாலு மாதம் முன்பு உதறியதே இதற்காகத்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் இங்கே வந்தாள். பரீட்சையைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பங்கஜம் அதை வேண்டுமென்றே பத்து நிமிஷம் முந்தி ஓடவிட்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வார்கள். முள் ஒன்று இருபதைத் தொட்டதும் எழுந்தால் போதும். அப்போது மணி ஒன்று பத்துதான். பதினைந்து நிமிஷ நடை.

அஃப்ரா, தனிச்சிறையில் சாப்பாட்டுத் தட்டின் சத்தத்தை வைத்து நாளை எண்ணிய ஒருவனின் புத்தகத்தைச் சொன்னாள். "தட்டு லேட்டா வந்தா அவனுக்கு அன்னைக்கு நாளே நீளம்."

"ஸ்வர்ணா, உன் புஸ்தகம்?" என்றாள் பங்கஜம்.

"பாதிதான் படிச்சேன் மாமி. காலம் ஆறு மாதிரி ஓடுது, காத்து மாதிரி போவுதுன்னே எழுதிக்கினு போறாரு. அந்தாளுக்கு ஷிஃப்ட் கிடையாது போல."

அஃப்ரா சிரித்துவிட்டாள். ஸ்வர்ணலதாவின் கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கடிகாரத்தில் ஒன்று பதினாறு.

"சித்த ஒழுங்கா உக்காரேண்டி, பாக்கறவாளுக்கே தலை சுத்தறது" என்றாள் பங்கஜம்.

விஜயராகவன் தொண்டையைச் செருமினார். அவர் படித்தது ரயில்வே நேரத்தின் வரலாறு. "அப்பல்லாம் ஊருக்கு ஒரு நேரம் வச்சிண்டிருந்தா. அப்புறம் இந்த மெட்ராஸ் நேரத்தைப் பாத்துதான் ரயிலெல்லாம் ஓடித்து. அந்த ஊர்ல உக்காந்துண்டு தப்பான கடிகாரமா? மனசு கேக்கலை. நீங்கள்லாம் வரதுக்கு முன்னாடியே, மாமி உள்ள இருக்கறச்சே, ஸ்டூலைப் போட்டு ஏறி சரி பண்ணிட்டேன்."

"எங்காத்துக் கடிகாரத்தைத் தொட நீங்க யாரு?" என்று பங்கஜம் எகிறினாள்.

ஸ்வர்ணலதா நிமிர்ந்து பார்த்தாள். ஒன்று இருபது. கழிக்க ஒன்றுமில்லை.

"யோவ் சார், இன்னா வேலை பண்ணி வச்சிக்கிறீங்க!" நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இரண்டே வாக்கியத்தில் பரீட்சையைச் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லப்படாதோ, அசடு!"

"சொன்னா போ போன்னு துரத்தியிருப்பீங்க மாமி."

விஜயராகவன் முகம் செத்துப்போய் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். அது சட்டைப்பையிலேயே இருந்தது. மூன்று மாடி இறங்கி, வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பினார்.

"வேகமா போங்க சார்."

"நாப்பதுக்கு மேல போகாதும்மா இது."

"தள்ளிக்கினு போனாகூட இத்தைவிட சீக்கிரம் போவும்."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. கோட்டுக்கு ஒரு சாண் முன்பாகவே நிறுத்திவிட்டார்.

"சார், ஒரு வண்டி கூட இல்ல. போங்க."

"சிவப்புன்னா சிவப்புதான். நாப்பத்தஞ்சு செகண்ட்."

குதித்து இறங்கி ஓட ஆரம்பித்தாள். பூக்கடையைத் தாண்டி, இளநீர் வண்டியை இடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் விஜயராகவன் ஹாரன் அடித்துப் பார்த்தார், அவள் திரும்பவில்லை.

பள்ளியின் பெரிய இரும்புக் கதவை மூடியாகிவிட்டது. அதிலிருந்த சின்னத் திட்டிவாசல் மட்டும் திறந்திருந்தது. சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்ற பெண் போலீஸ், "குனிஞ்சு வாம்மா, சீக்கிரம்" என்றாள்.

ஸ்வர்ணலதா குனிந்து உள்ளே போனாள். கைப்பையைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்தாள். "அக்கா, அக்கா, ஒரே நிமிஷம்" என்று தெருவில் ஒருவன் கத்திக்கொண்டே ஓடிவருவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போலீஸ்காரி திட்டிவாசலைச் சாத்தி, சங்கிலியைக் கோத்து, பூட்டைப் போட்டாள்.