முன்தொட்டிக்கு ஒரு குறிப்பு

கப்பலோட உடம்பை வரையிறதுதான் அவன் வேலை. இருபத்திரெண்டு வருஷமா வரையிறான். ஆனா கடல்ல கால் நனைச்சதோட சரி.

அந்தச் சரக்குக் கப்பலுக்கு மூக்குக்குக் கீழ இருக்கிற அடித்தகடு பத்தாதுன்னு கணக்குப் போட்டுப் பாத்ததும் அவன்தான். சரக்கோட போனா தொந்தரவு இல்ல. காலியாத் திரும்பும்போது பெரிய அலையில மூக்கு மேல தூக்கிக்கும், அப்புறம் அடிவயிறு தண்ணில பொத்துன்னு விழும்.

"இன்னும் நாலு மில்லி தடிமன் வேணும் சார்"னு மேனேஜர் முன்னாடி போய் நின்னான்.

"அத்தனை இரும்பை ஏத்திட்டு, சரக்கை உன் தலையில வச்சா அனுப்புறது?" மேனேஜர் சிரிச்சார். "வரைபட மூலையில ஒரு குறிப்பு எழுதிடு. கடல் மோசமானா மூக்குக்குள்ள இருக்கிற முன்தொட்டில தண்ணி நிரப்பணும்னு. மூக்கு தானா எறங்கும். எழுத்துக்கு எடை கிடையாதுப்பா."

எழுதினான். என்னமோ பெரிய புண்ணியம் பண்ணின மாதிரி, கொட்டை எழுத்துல. கீழ கையெழுத்தும் போட்டான்.

தங்கச்சி புருஷன் அதே கப்பலுக்குக் கேப்டனாப் போனார். "எங்கண்ணன் வரைஞ்சது, எங்க வீட்டுக்காரர் ஓட்டுறது"ன்னு தங்கச்சி தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா.

காலியாத் திரும்புற வழியில புயல் பிடிச்சுது. அடித்தகடு அமுங்கிக் கிழிஞ்சுபோச்சு. கப்பலைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்ல. இப்ப விசாரணை, கேப்டனோட லைசென்ஸ் நிக்குமா போகுமான்னு.

விசாரணை அறைக்கு வெளிய பெஞ்சுல, சாட்சி சொல்ல வந்திருந்த அவன் பக்கத்துல மாப்பிள்ளை வந்து உக்காந்தார்.

"ஏன் மச்சான், அந்தத் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும்னு தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அது எத்தனை டன் பிடிக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். பம்பு வேற பிரிவு பாத்துக்கிட்டது. கேக்கணும்னே தோணல.

"ஏழு மணி நேரம். எச்சரிக்கை வந்த மூணு மணி நேரத்துல புயல் வந்துடுச்சு."

கூட வந்திருந்த தங்கச்சி குனிஞ்சு சொன்னா: "அண்ணே, தகடு பத்தாதுன்னு நீ அன்னிக்கே சொன்னேல்ல? சாப்பிடாமப் புலம்பினியே. அதை மட்டும் உள்ள சொல்லிடு."

"சொல்றேம்மா."

உள்ள அதிகாரி வரைபடத்தை விரிச்சார். "இந்தக் குறிப்பு நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"இதுபடி நிரப்பியிருந்தா தகடு தாங்கியிருக்குமா?"

"தாங்கியிருக்குங்க."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

பின்வரிசையில மேனேஜர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தார். தகடு பத்தாதுன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்னன்னு அவனுக்குத் தெரியும்: தெரிஞ்சும் ஏன்யா கையெழுத்துப் போட்டே?

"ஒண்ணுமில்லைங்க."

வெளிய வந்ததும் ரெண்டு பேரும் எழுந்துட்டாங்க. "சொல்லிட்டியாண்ணே?"

"ம்."

"அப்புறமென்ன, மச்சானே சொல்லியாச்சு"ன்னு மாப்பிள்ளை சட்டையை இழுத்து விட்டுக்கிட்டுத் தெம்பா உள்ள போனார்.

அவன் கிளம்பப் பாத்தான். தங்கச்சி கையைப் பிடிச்சு உக்கார வச்சா. "இருண்ணே. அவர் வந்துடட்டும், சேந்தே போலாம்."