வேலியில்லா ஊரில் பதினேழாம் காணி

உலகத்தில் நடந்த சண்டை அத்தனைக்கும் வேலிதான் காரணம் என்றும், வேலி என்ற ஒன்றைத் தான் மனதாலும் நட்டதில்லை என்றும், யாழ்ப்பாணத்தானிடமிருந்து வேலிக்கு நடும் கதியாலைப் பிடுங்கிவிட்டால் மிச்ச நாகரிகம் தானாக வந்து சேரும் என்றும், பாரிஸின் லாச்சப்பலில் தன் மரக்கறிக் கடை வாசலில் நின்று குகதாசன் அறிவித்தார். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கைக்கார அம்மா, "ஓம் தம்பி, இது முத்தலோ?" என்று கேட்டார். பெரிய உண்மைகளுக்கு அந்தத் தெருவில் அவ்வளவுதான் மரியாதை.

வேலியைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருந்தது. அவருடைய தகப்பனும் பக்கத்துக் காணிக்காரரும் ஒரு கிளுவங்கதியாலுக்காக வழக்காடியவர்கள். அவர் ஒரு சாண் இங்காலே நட்டால் இவர் இரண்டு சாண் அங்காலே நடுவார். வழக்கு, அதைப் பேசிய இரண்டு அப்புக்காத்துமாரைக் கிழவர்களாக்கியது. கடைசியில் ராணுவம் வந்து இரண்டு காணியையும் ஒன்றாக்கி ஒரே முட்கம்பியால் அடைத்துத் தீர்ப்பு வழங்கிற்று.

"இரவோடை இரவாக் கதியால் நகர்த்துற இனமடா நாங்கள்! உருப்படுவமே?" என்று குகதாசன் அடிக்கடி கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார்.

ஆகவே, யுத்தம் முடிந்து எட்டாவது வருடம், வடக்கே ஒரு சின்னத் தீவில் 'நீலக்கரை' என்ற நகரம் எழப்போகிறது என்று விளம்பரம் வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அவர்தான். அங்கே கார் கிடையாது. கடை, கோயில், டொக்டர், இறங்குதுறை எல்லாம் கால்நடையாகப் போகும் தூரம். முக்கியமாக, வேலியும் கிடையாது, மதிலும் கிடையாது. பதினேழாம் காணி கடலோர முதல் வரிசை. பாரிஸுக்கு வெளியே திரான்சியில் நாலாம் மாடியில் அவருடைய குசினி யன்னல் இன்னொருவருடைய குசினி யன்னலைப் பார்த்தபடி இருந்தது. எதிர்வீட்டில் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்பது வரை அவருக்குத் தெரியும். கதவைத் திறந்தால் கடல் மட்டும் தெரிகிற ஒரு வீடு: சீவியத்திடம் குகதாசன் கேட்டது அது ஒன்றைத்தான். இந்த ஞாயிறு கையெழுத்து வைக்காவிட்டால் காணி வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஞாயிறன்று லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் கூட்டம். சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் கஜனியையும் அவர் கூட்டிக்கொண்டு போனார். நடுமேசையில் நகரத்தின் மாதிரி இருந்தது. பஞ்சு மரங்கள், நீலக் கண்ணாடிக் கடல், தீப்பெட்டியளவு வெள்ளை வீடுகள். கோட்டுப் போட்ட விற்பனைக்காரன் சேந்தன் ஒரு நீளக் குச்சியால் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினான்.

"கதவைத் திறந்தாக் கடல், அண்ணை!"

கஜனி மாதிரியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த, அதே கரையை வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் படத்திலை வள்ளங்கள் நிக்குது. கொட்டிலும் நிக்குது. உங்கடை மாதிரியிலை ஒண்டையும் காணேல்லை. அந்த ஆக்கள் எங்கை?"

"அவையள் வேறை இடத்துக்குப் போயிட்டினம், தங்கச்சி. நல்ல கல்வீடு."

"கடலுக்குக் கிட்டவோ?"

"பஸ் போகுது."

"அப்ப, நீங்கள் நடக்கிறதுக்கு ஊர் கட்ட, நடந்து கடலுக்குப் போன சனத்தைப் பஸ்ஸிலை ஏத்தினனீங்கள்?" கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். அன்று தமிழே வந்தது.

மண்டபத்தில் இருந்தவர்களில் ஒரு பையோடு வீட்டை விட்டு ஓடாதவர் ஒருவரும் இல்லை. எங்கோ ஒரு கதிரை கிறீச்சிட்டது. யாரோ பொங்கி எழப்போகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

எழுந்தவர் தில்லையம்பலம். குகதாசனின் கடைக்குப் பக்கத்து நகைக்கடைக்காரர். முகம் சிவந்திருந்தது.

"தம்பி, எனக்கொரு நியாயம் தெரிய வேணும். என்ரை பதினெட்டுக்கும் பதினேழுக்கும் நடுவிலை என்ன வரும்?"

"ஒண்டும் வராது ஐயா. புல்லு."

"புல்லோ!"

அதற்குப் பிறகுதான் மண்டபம் கொதித்தது. "புல்லு எல்லையோ?" "ஆடு மேஞ்சா எல்லை எங்கை?" "ஆரிட்டைக் கேட்டு இப்பிடிக் கீறினவங்கள்?" எட்டு வருடங்களாக எந்த அநியாயத்துக்கும் வராத ஒற்றுமை புல்லுக்கு வந்தது. கஜனியின் கேள்வி எந்தக் கதிரைக்குக் கீழே போனதோ தெரியாது.

பதினெட்டாம் காணி தில்லையம்பலத்துடையது என்பது குகதாசனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் கொள்கை கொள்கைதான். அவர் எழுந்தார்.

"வெக்கமாயில்லையே அண்ணை? இத்தனை வருஷம் பாரிஸிலை இருந்தும் கதியாலை விடேல்லை நீங்கள். புல்லாலை எல்லை போட்டா உங்கடை உயிர் போயிடுமோ?"

"நீ கடலைப் பாத்துக்கொண்டு கதைக்கிறாய் தாசன். உனக்கு முன்னாலை போற கோட்டைப் பார்" என்றார் தில்லையம்பலம்.

குகதாசன் குனிந்து பார்த்தார். பதினேழாம் வீட்டு வாசலுக்கும் கண்ணாடிக் கடலுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு கோடு ஓடிற்று.

"தம்பி சேந்தன், உதென்ன?"

"நடைபாதை அண்ணை. ஊர்ச் சனம் முழுக்க அதாலைதான் நடக்கும். அதுதானே எங்கடை விசேசம்."

"என்ரை வாசலாலையோ?"

"எல்லாற்றை வாசலாலையும்தான்."

"கண்டவன் நிண்டவன் எல்லாம் என்ரை வாசலாலையோ? நான் பனியன் போடாமல் இருப்பன், சாப்பிடுவன், படுப்பன்! இதென்ன கார் து நோர் ஸ்டேஷனோ?"

"நான் விடியப்பறம் நடக்கிறனான், தாசன். உன்ரை யன்னலாலை எட்டிப் பாத்து ஒரு வணக்கம் வைச்சிட்டுத்தான் போவன்" என்றார் தில்லையம்பலம்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. குகதாசன் மேசையில் அடித்தார். "இது அநியாயம்! மனுசரை மனுசராய் மதிக்காத வேலை! கேக்க ஆளில்லை எண்டு நினைச்சிட்டியளோ?"

"பப்பா" என்றாள் கஜனி. "இதை நான் கேக்கேக்கை சொல்லியிருக்கலாமே?"

"அது வேறை பிள்ளை. இது வேறை."

அவள் மேற்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கை போறாய்? மெத்ரோவிலை சேந்து போவம்."

"நான் நடந்து போறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். லாச்சப்பலில் இருந்து திரான்சிக்கு நடந்து போக எந்த நிறுவனமும் திட்டம் போடவில்லை. அவள் போனாள்.

சேந்தன் தேத்தண்ணி இடைவேளை அறிவித்தான். விவகாரம் தீராமல் கையெழுத்து வைப்பதில்லை என்று குகதாசன் நாலுபேர் கேட்க முழங்கினார். பிறகு தில்லையம்பலம் பேனையை எடுப்பதைக் கண்டு, முந்திப்போய் வைத்தார்.

எல்லோரும் பொரித்த ரோல்ஸ் தட்டைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு ரோல்ஸிலும் ஒரு பல்லுக்குச்சி குத்தியிருந்தது. குகதாசன் ஒன்றைத் தின்றுவிட்டுக் குச்சியைக் கைதுடைக்கும் தாளில் துடைத்தார். இன்னொன்றைத் தின்றார். பசியில்லாமலே தின்றுகொண்டிருந்தார். கைநிறையக் குச்சி சேர்ந்ததும் மாதிரி மேசைக்கு வந்தார்.

அங்கே ஒருவரும் இல்லை.

முதல் குச்சியைப் பதினேழாம் வீட்டின் பின்மூலையில் நட்டார். மாதிரியின் பச்சைத் தக்கைத் தரையில் அது நன்றாக இறங்கியது. தகப்பன் செய்வதுபோலத் தலையை ஒரு பக்கம் சரித்து, ஒற்றைக் கண்ணால் நேர் பார்த்து, அடுத்ததை நட்டார். மஞ்சள் கோட்டை மறித்து இரண்டு. கண்ணாடிக் கடலில் குச்சி இறங்கவில்லை. அதனால் கரை விளிம்போடு நெருக்கி நெருக்கி நட்டார். படத்தில் வள்ளங்கள் நின்ற இடமும் அதுதான்.

பதினெட்டாம் காணிப் பக்கத்துக்குக் கடைசிக் குச்சி மிஞ்சியது. குகதாசன் திரும்பித் தில்லையம்பலத்தைப் பார்த்தார். அவர் ரோல்ஸுக்குச் சோஸ் தேடிக்கொண்டிருந்தார்.

குகதாசன் எல்லையிலிருந்து ஒரு விரற்கடை அங்காலே தள்ளிக் குச்சியை ஊன்றி, பெருவிரலால் அழுத்தினார்.